கட்டணம் ஏற ஒரு தேதி வேண்டும்

2025-இல் பெங்களூரில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஜனவரி 5 அன்று பஸ் டிக்கெட் 15 சதவீதம் ஏறியது. பிப்ரவரி 9 அன்று மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. ஏப்ரல் 1 முதல் நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய் கூடியது. ஆகஸ்ட் 1 முதல் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாலே, முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 30-க்குப் பதில் 36 ரூபாய். அதே வருடம் லிங்கராஜபுரத்தில் எங்கள் ஹவுஸ் ஓனரும் வாடகையை ஏற்றினார். நான் பழகும் வட்டத்தில் ஏறாமல் நின்றது ஒன்றுதான்: டிசைனர்களும் போட்டோகிராபர்களும் ஓவியர்களும் தங்கள் வேலைக்கு வாங்கும் கட்டணம்.

பதினொரு வருடமாக இந்த ஊரில் படம் வரைந்து, டிசைன் செய்து பிழைக்கிறேன். மெனு கார்டு, ஸ்வீட் பாக்ஸ், புத்தக அட்டை, கல்யாணப் பத்திரிகை, ஸ்டார்ட்-அப் கம்பெனிகளுக்கு லோகோ எனக் கையில் வந்ததையெல்லாம் செய்திருக்கிறேன். என்னிடம் வந்து பேசும் தம்பி தங்கைகளில் பலர், தொழிலுக்கு வந்த முதல் மாதம் தயங்கித் தயங்கிச் சொன்ன தொகையையே மூன்று வருடம் கழித்தும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கை தேறியிருக்கிறது, வேகம் கூடியிருக்கிறது, ரேட் மட்டும் அப்படியே. ஏன் என்று கேட்டால், "எப்படிக்கா கேக்குறது?" என்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில்தான் இது.

முதலில் அந்த "கேக்குறது" என்ற சொல்லை விட்டுவிட வேண்டும். பால் விலையை ஏற்றியபோது யாரும் நம்மிடம் கேட்கவில்லை. புதிய தொகை இது, இந்தத் தேதியிலிருந்து அமல் என்று அறிவித்தார்கள். கட்டண உயர்வு என்றாலே வாடிக்கையாளர் முன்னால் போய்க் கைகட்டி நிற்பது என்று நினைத்தால் வாய் வராது. அது ஒரு தொகையும் ஒரு தேதியும் கொண்ட அறிவிப்பு என்று பழகிக்கொண்டால் வரும்.

ஏற்றாமல் இருப்பதாலும் கட்டணம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. விலைவாசி உயர்வை வருடத்துக்கு 4 சதவீதத்தில் வைத்திருப்பது ரிசர்வ் வங்கியின் இலக்கு. இரண்டு சதவீதம் மேலேயோ கீழேயோ போகலாம். சராசரியாக 5 என்று வைத்துக்கொள்வோம். இன்று 10,000 ரூபாய்க்கு வாங்கும் சாமான், ஐந்து வருடம் கழித்து 12,763 ரூபாய் ஆகிவிடும். அப்போதும் நீங்கள் அதே 10,000-தான் வாங்குகிறீர்கள் என்றால், இன்றைய கணக்கில் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 7,835 ரூபாய். வாடிக்கையாளருக்கே தெரியாமல், நீங்களே அவருக்கு வருடாவருடம் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் அசல் என்ன?

சிக்பேட்டையில் ஒரு துணிக்கடைக்காரரிடம் பேரம் பேசிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் "அசலுக்கே கட்டாதும்மா" என்று புடவையை மடித்து வைத்துவிடுவார். அந்த எல்லை அவருக்குத் தெரியும். நம் தொழிலில் முக்கால்வாசிப் பேருக்குத் தங்கள் வேலையின் அசல் தெரியாது. கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருக்கிறது, நேரம் நம்முடையது, மூளை நம்முடையது, ஆகவே வருவதெல்லாம் லாபம் என்று தோன்றிவிடுகிறது.

ஒரு தாளை எடுத்து இதைப் போட்டுப் பாருங்கள். தனியாகத் தொழில் செய்யும் ஒரு டிசைனர் என்று வைத்துக்கொள்கிறேன். வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் சேர்த்து மாதம் 40,000 என்றால் வருடத்துக்கு 4,80,000. லேப்டாப்பின் தேய்மானம், சாஃப்ட்வேர் சந்தா, இன்டர்நெட், கரன்ட், கிளையன்ட்டைப் பார்க்கப் போய்வரும் செலவு எனத் தொழிலுக்கு மாதம் 10,000, அது 1,20,000. மருத்துவக் காப்பீடு, சேமிப்பு, வேலை வராத மாதத்துக்கு ஒதுக்குவது என்று இன்னொரு 10,000, அதுவும் 1,20,000. மொத்தம் 7,20,000 ரூபாய்.

இனி நாள் கணக்கு. 365-இல் ஞாயிறு 52 போனால் 313. பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா, காய்ச்சல், உறவில் கல்யாணம் என்று 25 நாள் கழித்தால் 288. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எட்டும் காசாகாது. கொட்டேஷன் எழுதுவது, போனில் பேசுவது, பேமென்ட்டுக்குப் பின்னால் அலைவது, புதிதாக ஒன்றைக் கற்பது எல்லாம் அதற்குள்தான். நான்கு மணி நேரம் பணம் வரும் வேலை நடந்தால் நல்ல நாள். 288-ஐ நான்கால் பெருக்கினால் 1,152 மணி நேரம். 7,20,000-ஐ அதனால் வகுத்தால் மணிக்கு 625 ரூபாய்.

இந்த 625-தான் அசல். லாபம் இன்னும் சேரவில்லை.

இப்போது கடைசியாக முடித்த ஒரு வேலையை எடுங்கள். லோகோ ஒன்றை 6,000-க்குச் செய்தீர்கள் என்போம். முதல் வடிவம் எட்டு மணி நேரத்தில் முடிந்தது என்று மனதில் நிற்கும். கரெக்ஷன், "இன்னொரு கலர் ட்ரை பண்ணலாமா", பிரிண்ட்டருக்குத் தனி ஃபைல், வாட்ஸ்ஆப்புக்குத் தனி ஃபைல் எல்லாம் கூட்டினால் 24 மணி நேரம் ஆகியிருக்கும். மணிக்கு 250. அசல் போட்டாலே 15,000 வர வேண்டிய வேலை அது. நான் முதல்முறை இந்தக் கணக்கைப் போட்ட இரவு தூங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கட்டணம் சொல்லும்போது குரல் நடுங்கியதும் இல்லை. தொகை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரிந்துவிட்டதல்லவா.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த மணிக்கணக்கு உங்கள் கண்ணுக்கு மட்டும். வாடிக்கையாளரிடம் மணிக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டால், கை தேறத் தேற வருமானம் குறையும். முன்பு பத்து மணி நேரம் எடுத்ததை இன்று ஆறில் முடிக்கிறீர்கள். அந்த நான்கு மணி நேரம் நீங்கள் வருடக்கணக்காகச் சம்பாதித்தது, அதை ஏன் இழக்க வேண்டும்? ஏஐ வந்த பிறகு இது இன்னும் முக்கியம். "பத்து நிமிஷத்துல வந்துடுமே" என்று சொல்பவரிடம் மணிக்கணக்கு பேசினால் தோற்றுப்போவோம். முழு வேலைக்கு ஒரு தொகை சொல்லுங்கள்.

எங்கே போகிறது அந்தப் படம்?

அசல் என்பது கீழ் எல்லை. மேலே எவ்வளவு போகலாம் என்பதை முடிவு செய்வது பயன்பாடு. ரூபாயின் குறியீட்டை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார், மும்பை ஐஐடியில் வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்தபோது வரைந்தது. தேவநாகரி ர-வும் ரோமன் ஆர்-உம் கலந்த சில கோடுகள். 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை அதை ஏற்றுக்கொண்டது. போட்டியின் பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். இன்று அது நோட்டில், நாணயத்தில், ஒவ்வொரு விலைச் சீட்டிலும், போன் விசைப்பலகையிலும் இருக்கிறது. அந்தக் கோடுகளைப் போட எத்தனை மணி நேரம் ஆனது என்ற கேள்விக்கு அங்கே அர்த்தமே இல்லை. எத்தனை இடத்தில், எத்தனை காலம், எத்தனை பேர் கண்ணில் படுகிறது என்பதில் இருக்கிறது ஒரு படத்தின் மதிப்பு.

நம் அளவுக்கு இறக்கிச் சொல்கிறேன். காக்ஸ் டவுனில் இருக்கும் போட்டோகிராபர் அண்ணா ஒருவர், ஓர் உணவகத்தின் மெனுவுக்காகச் சாப்பாட்டுப் படங்கள் எடுத்துக் கொடுத்தார். மெனுவுக்கான தொகையைத்தான் வாங்கினார். சில மாதம் கழித்து பழைய மெட்ராஸ் ரோட்டில் போகும்போது அவர் எடுத்த பிரியாணி, ஹோர்டிங்கில் இருபதடிக்கு நிற்கிறது. போய்க் கேட்க அவர் கையில் ஒரு வரி எழுத்து இல்லை.

சட்டம் அங்கே அவருக்குத் துணையாக இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும், வரையச் சொன்ன ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். "வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்பதைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். கொட்டேஷனில் இரண்டு வரி எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டால் நிலைமை மாறிவிடும். பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் அதே சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே எதில், எங்கே, எவ்வளவு காலம் என்ற மூன்றையும் நீங்களே எழுதிவிடுங்கள். அந்த அண்ணா இப்போது எழுதுகிறார்: மெனுவிலும் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும், இரண்டு வருடத்துக்கு. ஹோர்டிங், பேக்கிங், விளம்பரம் என்றால் அடிப்படைத் தொகையில் பாதி கூடுதல். அவர் ஒரு படத்தின் விலையைக்கூட ஏற்றவில்லை. அந்த இரண்டு வரியே அவர் வருமானத்தை ஏற்றியது.

எப்போது, எவ்வளவு

மெட்ரோவுக்குத் திரும்பி வருகிறேன். 2017-க்குப் பிறகு அவர்கள் கட்டணத்தைத் தொடவே இல்லை. ஏழரை வருடம் விட்டுவிட்டு ஒரே நாளில் ஏற்றியதில், சில தூரங்களுக்கு டிக்கெட் கிட்டத்தட்ட இரு மடங்கானது. ஊரே கொதித்தது, பயணிகள் எண்ணிக்கை சரிந்தது, ஒரு வாரத்துக்குள் சில பிரிவுகளில் குறைக்க வேண்டியதாயிற்று. ஆட்டோ மீட்டரோ 2021 டிசம்பரில் 25-லிருந்து 30 ஆனது, 2025 ஆகஸ்டில் 36 ஆனது. அதற்கும் முணுமுணுப்பு இருந்தது, ஆனால் மறுநாளும் ஆட்டோவில்தான் போனோம். மெட்ரோ ஏற்றியதில் பலருக்குக் கோபமில்லை. ஒரேயடியாக ஏற்றியதில்தான் கோபம்.

மெட்ரோ செய்ததை நானும் செய்திருக்கிறேன். சிவாஜிநகர் பக்கம் ஓர் ஓட்டலுக்கு மெனு கார்டு ஒரு பக்கம் 800 ரூபாய்க்கு நான்கு வருடம் செய்தேன். அசல் கணக்குப் போட்ட மறுவாரம், 2,000 என்றேன். அவர் கல்லாவில் இருந்தபடியே என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்னம்மா, நேத்து வரைக்கும் 800-தானே? அப்ப இத்தனை நாள் ஏமாத்தினியா, இல்ல இப்ப ஏமாத்துறியா?" அவர் கேட்டதில் தவறே இல்லை. நான்கு ஏப்ரலிலும் ஐந்தில் ஒரு பங்கு ஏற்றிக்கொண்டே வந்திருந்தால், அன்றைக்கு 1,650-ஐத் தொட்டிருப்பேன். அவரும் என் வாடிக்கையாளராகவே இருந்திருப்பார். நல்ல மனிதர் அவர். அந்த இழப்பு இன்றும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது. பழைய வாடிக்கையாளர்களுக்கு வருடம் ஒருமுறை, ஒரே தேதியில், 10 முதல் 15 சதவீதம். என் தேதி ஏப்ரல் 1. நிதியாண்டு மாறுகிற நாள் என்பதால் கம்பெனிகளின் கணக்குப் பிரிவுக்கும் அது வசதி. புது விசாரணைகளுக்கு இந்த வரம்பு கிடையாது. அவர்களுக்கு என் பழைய ரேட் தெரியாது, தெரியவும் தேவையில்லை. அசல் 15,000 வரும் வேலையை இதுவரை 6,000-க்குச் செய்து வந்தவர், அடுத்து வரும் புது ஆளிடம் 9,000 சொல்லலாம், அவர் சம்மதித்தால் அதற்கடுத்த ஆளிடம் 12,000, பிறகு 15,000. ஒவ்வொரு விசாரணையும் ஒரு படி. யாரும் கோபப்பட மாட்டார்கள். பயமும் படிப்படியாகக் குறையும்.

நேரம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. தொகையைச் சொன்னவுடன் பத்தில் ஒன்பது பேர் "ஓகே, ஆரம்பிங்க" என்கிறார்கள் என்றால், சொன்னது குறைவு. இரண்டு மூன்று பேராவது யோசித்துச் சொல்கிறேன் என்று போக வேண்டும். அடுத்த ஐந்தாறு வாரத்துக்கு வேலை நிறைந்து, புதிதாக வருபவர்களைத் திருப்பி அனுப்புகிறீர்கள் என்றால், அதுவும் குறைவு. ஆனால் சொன்ன தேதிக்கு ஃபைல் கொடுக்காமல் இழுத்தடிக்கும் பழக்கம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அதை வைத்துக்கொண்டு ரேட்டை ஏற்றினால், சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார்கள்.

ஜனவரியில் குமாரகிருபா சாலையில் நடக்கும் சித்திரச் சந்தைக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே அளவு, ஒரே மாதிரி கோயில் கோபுர ஓவியம். ஒருவர் விலையை அட்டையில் எழுதி மாட்டியிருப்பார். இன்னொருவர் கேட்பவரின் செருப்பையும் பையையும் பார்த்துவிட்டுச் சொல்வார். நான் பார்த்தவரை, எழுதி மாட்டியவரிடம் பேரம் குறைவு. விலைப்பட்டியல் ஒன்றை ஒரு பக்கத்தில் அச்சிட்டு வைத்துக்கொள்வது வெறும் காகிதமாகத் தோன்றும். நம் வாயைவிட உறுதியாகப் பேசுவது அந்தக் காகிதம்தான்.

"நம்ம பொண்ணுதானே"

வெளியூரில் இருக்கும் தமிழர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் இது. எனக்கு முதல் வேலை கிடைத்ததே ஸ்ரீராமபுரத்தில் ஒரு தமிழ் அச்சகக்காரர் மூலமாக. இரண்டாவது வேலை, அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் ஒரு நிகழ்ச்சிக்குப் போனபோது அறிமுகமான குடும்பம். கன்னடம் சரியாக வராத காலத்தில் என்னைத் தாங்கிப் பிடித்தவர்கள் அவர்கள். அந்தக் கடனை நான் மறக்க மாட்டேன். அதே வாயிலிருந்துதான் "நம்ம பொண்ணுதானே, பார்த்துப் போடும்மா" என்பதும் வருகிறது. மற்றவர்கள் கன்னடத்தில் "ஸ்வல்ப கம்மி மாடி மேடம்", கொஞ்சம் குறையுங்கள், என்றால் சிரித்துக்கொண்டே முடியாது என்று சொல்ல முடிகிறது. நம்மவர்களிடம் நாக்கு எழுவதில்லை.

முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை என்பது என் கருத்து. குறைத்துக் கொடுங்கள், ஆனால் குறைத்தது காகிதத்தில் தெரியட்டும். பில்லில் இப்படி எழுதுங்கள்: கட்டணம் 12,000. தள்ளுபடி 2,000. தர வேண்டியது 10,000. வெறுமனே 10,000 என்று எழுதினால் அடுத்த வருடம் அதுதான் உங்கள் விலை. அவர் யாருக்காவது உங்களைச் சிபாரிசு செய்யும்போதும் அதையே சொல்வார். முழுத் தொகையை எழுதிக் கழித்தால், உங்கள் விலை 12,000 ஆகவே நிற்கும். எங்கள் தெரு அம்மன் கோயில் ஆடித் திருவிழா அழைப்பிதழை வருடாவருடம் இலவசமாகச் செய்கிறேன். அதற்கும் பில் உண்டு. கட்டணம் 5,000, அம்மனுக்குக் காணிக்கை 5,000, தர வேண்டியது ஒன்றுமில்லை. கமிட்டித் தலைவர் அந்த பில்லை பத்திரமாக வைத்திருக்கிறார்.

உறவில்லாதவர் பேரம் பேசினால், தொகையைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள். "15,000-இல் மூணு மாடல் வரும் சார். 10,000-தான் பட்ஜெட் என்றால் ஒரே மாடல், ரெண்டு கரெக்ஷன். எது வேணும்?" அதே வேலைக்கே 10,000 வாங்கிக்கொண்டால், நீங்கள் முதலில் சொன்ன 15,000 பொய் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தொகையைச் சொன்ன பிறகு நிறுத்துங்கள். எதிரில் இருப்பவர் யோசிக்கும் அந்த அரை நிமிட மௌனம் தாங்காமல், நாமே "வேணும்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்று ஆரம்பித்துவிடுகிறோம். நான் போனில் தொகையைச் சொன்னதும் தண்ணீர் குடிப்பேன். வாய் அடைபட்டிருக்கும்.

ஆள் போய்விட்டால்?

போவார்கள். எத்தனை பேர் போனால் நஷ்டம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டால் பயம் அளவோடு நிற்கும். பத்துப் பேர், ஆளுக்கு 10,000 என்றால் ஒரு லட்சம். 25 சதவீதம் ஏற்றி 12,500 ஆக்குகிறீர்கள், இரண்டு பேர் விலகுகிறார்கள். எட்டுப் பேர், ஆளுக்கு 12,500. அதே ஒரு லட்சம். வேலை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அந்த நேரத்தில் ஒரு புது ஆள் வந்தால் லாபம், யாரும் வராவிட்டால் தூக்கமாவது மிச்சம். எல்லோரும் ஒரே நாளில் போய்விடுவார்கள் என்று பயந்தால், பெரிய வாடிக்கையாளரைக் கடைசியாக வைத்து, சிறியவர்களிடம் முதலில் அறிவியுங்கள். நான்கு மாத வீட்டுச் செலவு கையில் இல்லாமல் ஒரே ஒரு கம்பெனியை மட்டும் நம்பியிருப்பவர், முதலில் இரண்டாவது வாடிக்கையாளரைத் தேடிக்கொள்வது நல்லது.

வரி பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் ரேட் ஏறும்போது இந்தக் குழப்பமும் கூட வரும். கர்நாடகத்தில் சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். டிசைன் வேலைக்கு 18 சதவீதம். கொட்டேஷனில் "ஜிஎஸ்டி தனி" என்று எழுதாவிட்டால் அந்த 18-ஐயும் உங்கள் கையிலிருந்து கேட்பார்கள். தொழில்முறைக் கட்டணமாக ஒரு கம்பெனி வருடத்துக்கு 50,000-க்கு மேல் தந்தால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். அதை நஷ்டம் என்று நினைத்து ரேட்டில் குழம்பாதீர்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அது உங்கள் வரியில் கழியும், மிச்சம் இருந்தால் திரும்பி வரும். தாமதமாக வரும் பணமும் குறைந்த பணம்தான். சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இலவசம். சிறு, குறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அந்தப் பதிவு எண்ணை இன்வாய்ஸில் அச்சிட்ட பிறகு, எனக்குப் பணம் வரும் வேகம் கூடியது.

அந்தச் செய்தி

இனி எழுத வேண்டியது ஐந்தாறு வரிதான். ஒரு மாதம் முன்பே, பிப்ரவரி கடைசியில் அனுப்புவேன். மன்னிப்புக் கேட்பதில்லை. வாடகை ஏறிவிட்டது, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் என்ற காரணங்களும் எழுதுவதில்லை. காரணம் எழுதினால், அந்தக் காரணம் சரியா என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்ரீராமபுரத்தில் ஸ்வீட் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாவுக்கு நான் முதன்முதலில் அனுப்பியது இது:

"அண்ணா, வணக்கம். வரும் ஏப்ரல் 1 முதல் என் கட்டணம் மாறுகிறது. ஸ்வீட் பாக்ஸ் டிசைன் இதுவரை 8,000; இனி 9,000. மார்ச் 31-க்குள் உறுதி செய்யும் வேலைகளுக்குப் பழைய கட்டணமே. உங்கள் கடைக்குத் தொடர்ந்து வேலை செய்வதில் எனக்கு மகிழ்ச்சி. ஏதாவது பேச வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்."

அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். அரை மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். குரலில் வருத்தம் எதுவும் இல்லை.

"பாத்தேன்மா. சரி. அப்ப தீபாவளி பாக்ஸு, நியூ இயர் பாக்ஸு, ரெண்டையும் இப்பவே சொல்லிடுறேன். பழைய ரேட்டுதானே?"

தீபாவளிக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. நான் எழுதியபடி பார்த்தால் அவர் சொன்னது சரி, ஆகவே இரண்டையும் 8,000-க்கே செய்து கொடுத்தேன். அடுத்த வருடத்திலிருந்து அந்த வரி இப்படிப் போகிறது: "மார்ச் 31-க்குள் பாதி அட்வான்ஸ் தந்து, ஏப்ரல் 30-க்குள் முடிக்கும் வேலைகளுக்குப் பழைய கட்டணமே."